துளியில் உலகு கண்ட துணி வணிகர்

பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் நீரைப் பருகினர், நீரில் நீந்தினர், நீரின் பெருமையைப் பாடிப் போற்றினர். ஆயினும், ஒரு துளி நீருக்குள் எண்ணற்ற உயிர்கள் ஓடியும் ஆடியும் வாழ்கின்ற காட்சியை ஒருவரும் கண்டாரல்லர். கடல் கடந்து புதிய நிலங்களைக் கண்டோர் பலர். வானை நோக்கிப் புதிய விண்பொருள்களைக் கண்டோர் சிலர். தம் வீட்டில் இருந்தபடியே, ஒரு துளி நீருக்குள் புதியதோர் உலகை முதன்முதலாகக் கண்டவர் ஒருவரே. அவர் பெரும்புலவர் அல்லர். பல்கலைக்கழகத்தின் படியை மிதித்தவரும் அல்லர். துணிக்கடை வைத்து வாழ்ந்த வணிகர். ஆண்டனி வான் லீவன்ஹூக் என்பது அவர் பெயர்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கே, கடலை ஒட்டிய தாழ்ந்த நிலப்பகுதியில் அமைந்த நாடு நெதர்லாந்து. அதனை ஹாலந்து என்றும் வழங்குவர். கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்நாட்டில் டெல்ஃப்ட் என்பது ஒரு சிறு நகர். நீல வண்ணச் சித்திரம் தீட்டிய மட்கலங்களுக்குப் பெயர் பெற்றது அவ்வூர். அங்கே 1632-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 24-ஆம் நாள் லீவன்ஹூக் பிறந்தார்.

அவர்தம் தந்தையார் கூடை முடையும் தொழிலினர். மகனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோதே அவர் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வேற்றூர்ப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றான். உறவினர் வீட்டிலும் சில காலம் வளர்ந்தான். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, துணி வணிகர் ஒருவரிடம் பணியில் அமர்ந்தான். அத்துடன் அவனுடைய பள்ளிக் கல்வி முடிவுற்றது.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் தம் நூல்களைப் பெரும்பாலும் இலத்தீன் மொழியிலேயே எழுதினர். இலத்தீன் அறியாதவரைக் கற்றவர் என்று ஒருவரும் மதித்திலர். லீவன்ஹூக் அம்மொழியைக் கற்றதே இல்லை. தம் தாய்மொழியாகிய டச்சு ஒன்றே அவர் அறிந்த மொழி. இக்குறை பிற்காலத்தில் அவருக்கு ஒரு தடையாகவும் அமைந்தது. ஒரு வகையில் நன்மையாகவும் முடிந்தது. பழைய நூல்கள் சொல்வதை ஒப்புவிக்கும் பழக்கம் அவரிடம் ஏற்படவில்லை. தம் கண் கண்டதையே நம்பும் பழக்கம் வேரூன்றியது.

அளவை அறிந்தவர்

1654-ஆம் ஆண்டு லீவன்ஹூக் டெல்ஃப்டுக்குத் திரும்பினார், திருமணம் செய்துகொண்டார், வீடு ஒன்றை வாங்கி, அதிலேயே துணிக்கடை தொடங்கினார். அவருக்குப் பிறந்த மக்கள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்து வளர்ந்தாள். 1666-ஆம் ஆண்டில் மனைவியும் மறைந்தார். பின்னர் அவர் செய்துகொண்ட இரண்டாம் திருமணத்தின் துணைவியாரும் அவருக்கு முன்னரே காலமானார். இறுதிவரை மகள் மரியாவே தந்தைக்குத் துணையாக இருந்தாள்.

நகரத்தார் அவர்பால் மிக்க நம்பிக்கை வைத்திருந்தனர். 1660-ஆம் ஆண்டில் நகர மன்ற மண்டபத்தைப் பேணிக் காக்கும் பணியை அவருக்கு அளித்தனர். 1669-ஆம் ஆண்டில் அவர் நில அளவையாளர் தேர்வில் தேறினார். 1679-ஆம் ஆண்டில் நகருக்குள் வரும் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பிறந்த அதே ஆண்டில், அதே ஊரில் பிறந்தவர் வெர்மீர் என்னும் ஓவியர். இன்று உலகம் போற்றும் அவ்வோவியர் கடன் சுமையோடு 1675-ஆம் ஆண்டில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்தையும் கடனையும் நேர்மையாகத் தீர்த்துவைக்கத் தக்கவர் யார் என்று ஆராய்ந்த நகரத்தார், லீவன்ஹூக்கையே அப்பணிக்கு அமர்த்தினர்.

துணியை முழம் போட்டு அளந்தவர்; நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தவர்; பீப்பாயைக் கோல் கொண்டு அளந்தவர். இவ்வாறு அளவே வாழ்வாகப் பழகிய ஒருவரே, பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாதவற்றையும் அளக்கத் துணிந்தார்.

கண்ணாடி மணி

துணி வணிகர்கள் நெசவின் தரத்தை அறிய இழைகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அதற்குச் சிறு பூதக்கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்துவர். லீவன்ஹூக்கின் ஆர்வத்துக்கு இக்கண்ணாடியே வித்தாக இருந்திருக்கக்கூடும்.

அக்காலத்தில் இரண்டு மூன்று வில்லைகளை ஒரு குழாயில் பொருத்திய உருப்பெருக்கிகள் வழக்கில் இருந்தன. இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் அத்தகைய கருவியால் தெள்ளுப்பூச்சியையும் பேனையும் பார்த்து, பெரிய படங்களாக வரைந்து, 1665-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூல் கண்டோரை வியக்கவைத்தது. ஆயினும், அக்கருவிகளில் உருவம் மங்கியது. ஓரங்களில் வண்ணங்கள் படர்ந்தன. ஒரு வில்லையின் குறையை மற்றொரு வில்லை மேலும் பெருக்கிக் காட்டியதே அதற்குக் காரணம்.

லீவன்ஹூக் வேறு வழியை மேற்கொண்டார். ஒரே ஒரு வில்லை. அதுவும் மிகமிகச் சிறியது. கண்ணாடி மணி சிறுக்கச் சிறுக்க அதன் வளைவு மிகும். வளைவு மிக மிக அது பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் ஆற்றலும் மிகும். இந்த உண்மையை அவர் பயன்படுத்திக்கொண்டார். சிறு மணி போன்ற வில்லையை இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். வெள்ளித் தகடுகளையும் கையாண்டார். தகட்டில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை. அதன் எதிரே ஓர் ஊசி முனை. பார்க்க வேண்டிய பொருளை அம்முனையில் ஒட்டி, திருகுகளைத் திருப்பி மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். கருவி முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதனைக் கண்ணோடு கண்ணாக ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் பார்த்தால் கண் வலிக்கும், கை நடுங்கும். அவரோ நாள் முழுவதும் பார்த்தார், ஆண்டுதோறும் பார்த்தார், ஏறத்தாழ அரை நூற்றாண்டு பார்த்தார்.

நன்கு அமைந்த பொருள் ஒன்று ஊசி முனையில் ஒட்டப்பட்டுவிட்டால், அதனை எடுத்தெறிய அவருக்கு மனம் வராது. அக்கருவியை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த பொருளுக்கு வேறொரு கருவி செய்துகொள்வார். இவ்வாறு அவர் தம் வாழ்நாளில் செய்த வில்லைகள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை.

கடல் கடந்த கடிதம்

டெல்ஃப்ட் நகரில் ரெய்னியர் டி கிராஃப் என்னும் இளம் மருத்துவர் வாழ்ந்தார். இலண்டன் மாநகரில் இராயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகம் 1660-ஆம் ஆண்டு முதல் விளங்கி வந்தது. அக்கழகத்தின் செயலர் ஓல்டன்பர்க் என்பவருக்கு 1673-ஆம் ஆண்டில் டி கிராஃப் ஒரு கடிதம் எழுதினார். தம் ஊரில் ஒருவர் செய்யும் உருப்பெருக்கிகள் அதுவரை கண்டவற்றுள் சிறந்தவை என்று அதில் குறித்திருந்தார். பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றி லீவன்ஹூக் எழுதிய குறிப்பையும் உடன் அனுப்பினார். அப்போது இங்கிலாந்தும் ஹாலந்தும் ஒன்றோடொன்று போர் புரிந்துகொண்டிருந்தன. கடலில் இரு நாட்டுக் கப்பல்களும் பீரங்கி கொண்டு மோதின. அதே கடலைக் கடந்து அறிவின் ஓலை பகை நாட்டை அடைந்தது. இலண்டன் கழகம் அதனைப் பகைவன் எழுத்து என்று ஒதுக்கவில்லை. மொழிபெயர்த்துத் தன் இதழில் வெளியிட்டது. மேலும் எழுதுமாறு கேட்டுக்கொண்டது. அறிமுகம் செய்துவைத்த டி கிராஃப் அதே ஆண்டில் இளமையிலேயே இறந்துபோனார். எனினும், அவர் தொடங்கி வைத்த கடிதப் போக்குவரத்து ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

ஏரி நீரும் மழை நீரும்

டெல்ஃப்டிலிருந்து இரண்டு மணி நேர வழித் தொலைவில் ஓர் ஏரி இருந்தது. குளிர்காலத்தில் தெளிந்திருக்கும் அதன் நீர், கோடையில் வெண்மை படர்ந்து கலங்கும். பசிய திட்டுகள் மிதக்கும். பனி பெய்வதால் அவ்வாறு ஆகிறது என்று சுற்றுப்புறத்தார் கூறி வந்தனர். 1674-ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற லீவன்ஹூக் அந்நீரைச் சிறு குப்பியில் எடுத்து வந்தார். மறுநாள் அதனைத் தம் கண்ணாடி மணியின் வழியே நோக்கினார். பச்சை நிற இழைகள் பாம்பு சுற்றியதுபோல் சுருண்டு கிடந்தன. அவற்றினிடையே சின்னஞ்சிறு உயிர்கள் மேலும் கீழும் சுழன்று திரிந்தன. பாலாடைக் கட்டியில் ஊரும் சிற்றுண்ணியே அக்காலத்தில் மிகச் சிறிய உயிராகக் கருதப்பட்டது. அவ்வுண்ணியினும் இவை மிகமிகச் சிறியவை.

மழை நீரிலும் இத்தகைய உயிர்கள் உள்ளனவா என்று அவர் ஆராய்ந்தார். தொட்டியில் சில நாள் நின்ற மழை நீரில் அவை காணப்பட்டன. அப்படியானால் அவை மழையோடு வானிலிருந்து இறங்கியவையா? இக்கேள்விக்கு அவர் ஊகத்தால் விடை கூற முற்படவில்லை. மழை பெய்யும் நாள் ஒன்றில், தூய பீங்கான் தட்டு ஒன்றைக் கழுவி முற்றத்தில் வைத்தார். தரையின் சேறு தெறிக்காதவாறு அதனை உயரத்தில் வைத்தார். முதலில் நிறைந்த நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் பிடித்த நீரைப் பார்த்தார். அதில் ஓர் உயிரும் இல்லை. அந்நீரையே சில நாள் வைத்திருந்து மறுபடியும் பார்த்தபோது உயிர்கள் தோன்றியிருந்தன. எனவே அவை மழையோடு வந்தவை அல்ல என்று தெளிந்தார். ஆராய்ச்சி என்பது எத்தகையது என்பதற்கு இந்தத் தட்டு ஒன்றே போதிய சான்றாகும்.

மிளகு தந்த வியப்பு

அந்நாளில் ஹாலந்து நாட்டுக் கப்பல்கள் கீழை நாடுகளிலிருந்து மிளகை மூட்டை மூட்டையாக ஏற்றிச் சென்றன. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று லீவன்ஹூக் எண்ணினார். அதன் துகள்களில் நாவைக் குத்தும் நுண்ணிய முட்கள் இருக்கலாம் என்று கருதி, மிளகை நீரில் ஊறவைத்தார். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, 1676-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24-ஆம் நாள், அந்நீரைப் பார்த்தார். அவர் தேடிய முட்கள் தென்படவில்லை. தேடாத பெருவியப்பு ஒன்று தென்பட்டது. முன்பு கண்டவற்றினும் மிகச் சிறிய உயிர்கள் அந்நீரில் கூட்டங்கூட்டமாக இருந்தன. இன்று பாக்டீரியா என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்களை மனிதக் கண் கண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இது தலையாயது.

அவற்றை எவ்வாறு அளப்பது? அத்துணை நுண்ணிய அளவுகோல் அக்காலத்தில் இல்லை. அளவை அறிந்த வணிகர் அதற்கும் வழி கண்டார். மணலையும் தினையையும் தலைமயிரையும் பேனின் கண்ணையுமே அளவுகோலாகக் கொண்டார். அச்சிற்றுயிர்கள் நூற்றை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு பருமணலின் நீளத்துக்கு எட்டா என்று மதிப்பிட்டார். நீளத்தில் நூறு, அகலத்தில் நூறு, உயரத்தில் நூறு எனப் பெருக்கினால் பத்து இலட்சம் ஆகும். ஆகவே, ஒரு மணலின் பருமனுக்குப் பத்து இலட்சம் உயிர்களும் ஈடாகா என்று கணக்கிட்டு, 1676-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இலண்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

நம்ப மறுத்த உலகம்

கடிதத்தைக் கண்ட அறிஞர்கள் திகைத்தனர். ஒரு மணலின் இடத்தில் பத்து இலட்சம் உயிர்களா? பல்கலைக்கழகம் காணாத ஒரு துணிக்கடைக்காரர், தம் கையால் செய்த கருவியில், தாம் மட்டும் கண்டதாகக் கூறுவதை எவ்வாறு ஏற்பது? கண் மயக்கமாக இருக்கலாம், கட்டுக்கதையாகவும் இருக்கலாம். அவர்தம் ஐயம் தவறன்று. ஒருவர் மட்டுமே கண்ட ஒன்றை அறிவியல் உண்மை என்று கொள்வதற்கில்லை.

கழகத்தார் அவர் கையாண்ட முறையைத் தெரிவிக்குமாறு வேண்டினர். அவ்வாறு தெரிவித்திருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும். ஆனால், லீவன்ஹூக் தம் முறையை வெளியிட இசையவில்லை. அதற்கு மாறாக, சமயப் போதகர்களும் ஆவணம் எழுதும் அலுவலர் ஒருவரும் உள்ளிட்ட எண்மரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். நீரில் உள்ள உயிர்களைக் காட்டினார். கண்டதைக் கண்டவாறே எழுதிக் கையொப்பமிடச் செய்து, அச்சான்றுகளை 1677-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அனுப்பினார்.

நேர்மையான எண்மரின் சான்று மதிக்கத்தக்கதே. எனினும், இயற்கையின் உண்மையைக் கையொப்பத்தால் நிலைநாட்ட முடியாது. கழகம் இராபர்ட் ஹூக்கிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. அவர் மிளகு நீரைத் தாமே ஊறவைத்தார்; கழகத்தின் கூட்டத்தில் வைத்துப் பார்த்தார். முதல் முயற்சியில் ஒன்றும் தென்படவில்லை. இரண்டாம் முயற்சியிலும் ஐயம் தீரவில்லை. ஹூக் மனம் தளரவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீரை ஏற்றினார். மேலும் திறம் வாய்ந்த வில்லையை அமைத்தார். 1677-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் கூட்டத்தில் அச்சிற்றுயிர்கள் தெளிவாகப் புலப்பட்டன. புகழ்பெற்ற கட்டடக் கலைஞராகிய கிறிஸ்டோபர் ரென் உள்ளிட்ட பலர் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்து, உண்மையென ஒப்புக்கொண்டனர். டெல்ஃப்டில் ஒருவர் கண்டதை இலண்டனில் மற்றொருவரும் கண்டார். அன்றே அது அறிவியல் உண்மை ஆயிற்று.

1680-ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டி லீவன்ஹூக்கைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமைக்காக அவர் மிக மகிழ்ந்தார். ஆயினும், கழகத்தின் கூட்டம் ஒன்றிலேனும் அவர் கலந்துகொண்டதில்லை.

கண்ட காட்சிகள் பல

லீவன்ஹூக்கின் கண்ணுக்கு அற்பமான பொருள் என்று உலகில் ஒன்றும் இல்லை. 1683-ஆம் ஆண்டில் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த மாவு போன்ற பொருளை எடுத்துப் பார்த்தார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குபவர் அவர். அங்கும் உயிர்கள் துள்ளித் திரிந்தன. பல் துலக்கும் வழக்கமே இல்லாத ஒரு முதியவரின் பல்லழுக்கில் அவை இன்னும் பெருங்கூட்டமாக இருந்தன. நெதர்லாந்து நாட்டில் வாழும் மக்களின் தொகையைவிடத் தம் வாய்க்குள் வாழும் உயிர்களின் தொகை மிகுதி என்று அவர் வியந்தார். அவர் வரைவித்த படங்களைக் கொண்டு, அவை இன்ன வகைப் பாக்டீரியாக்கள் என்று இன்றைய அறிஞர்களால் கூற முடிகிறது.

இதயத்திலிருந்து புறப்படும் குருதி உடலெங்கும் சென்று இதயத்துக்கே மீள்கிறது என்பதை ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவர் காணவில்லை. இத்தாலியராகிய மால்பிகி 1661-ஆம் ஆண்டில் தவளையின் நுரையீரலில் அவ்வழியாகிய தந்துகிகளைக் கண்டார். தலைப்பிரட்டையின் வாலிலும் மீனின் துடுப்பிலும் குருதி அத்தந்துகிகளின் வழியே ஓடிச் செல்வதை லீவன்ஹூக் 1688-ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார். மயிரிழையினும் மெல்லிய குழாய்களில் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நெருக்கிச் செல்லும் காட்சி அவருக்குச் சலிக்கவே இல்லை.

அக்காலத்து மக்கள் தானியத்தில் வண்டு தானாகத் தோன்றும் என்றும், புழுதியிலிருந்து தெள்ளுப்பூச்சி பிறக்கும் என்றும் நம்பினர். லீவன்ஹூக் அவற்றை வீட்டிலேயே வளர்த்துப் பார்த்தார். வண்டு முட்டையிடுவதையும், முட்டையிலிருந்து புழு வெளிவருவதையும், புழு கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாவதையும் நாள் குறித்து எழுதினார். எறும்பின் முட்டை என்று எல்லாரும் எண்ணியவை முட்டைகள் அல்ல, கூட்டுப்புழுக்களே என்றும் காட்டினார். எத்துணைச் சிறிய உயிரும் தன் இனத்திலிருந்தே பிறக்கிறது. அழுக்கிலிருந்தும் புழுதியிலிருந்தும் பிறப்பதில்லை என்பது அவர் கண்ட முடிபு.

அவர்தம் புகழ் நாடெங்கும் பரவியது. 1698-ஆம் ஆண்டில் இரஷ்ய நாட்டுப் பேரரசர் பீட்டர் ஹாலந்து நாட்டில் பயணம் செய்தபோது, கால்வாய் வழியே படகில் டெல்ஃப்டுக்கு வந்தார். தம் கருவிகளுடன் படகுக்கு வருமாறு லீவன்ஹூக்குக்குச் செய்தி அனுப்பினார். வணிகர் விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடும் காட்சியைக் காட்டினார். பரந்த நாட்டை ஆண்ட பேரரசர், விரல் நுனியளவும் இல்லாத ஒரு மீன் வாலின் முன் நெடுநேரம் வியந்து நின்றார்.

காத்த மறைபொருள்

வந்தவர் எல்லாருக்கும் லீவன்ஹூக் தம் உருப்பெருக்கிகளைக் காட்டினார். ஆனால், தலைசிறந்தவற்றைக் காட்டவில்லை. அவற்றைத் தமக்கென்றே வைத்துக்கொண்டார். வில்லை செய்யும் முறையையும் நுண்ணுயிர்களைக் காணும் முறையையும் ஒருவருக்கும் உரைத்தாரில்லை. ஜெர்மானியப் பேரறிஞர் லைப்னிட்ஸ், இளைஞர் சிலரைப் பயிற்றுவித்தால் இக்கலை தொடர்ந்து வாழும் என்று அவருக்கு எழுதினார். லீவன்ஹூக் உடன்படவில்லை. மாணவர்களில் பலர் பொருளையும் புகழையும் நாடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தேடி ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் பொறுமை ஆயிரத்தில் ஒருவருக்கும் இராது என்பது அவர் கருத்து.

1723-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்த முதியவராக, அவர் உயிர் நீத்தார். இறக்கும் தறுவாயிலும் நண்பர் ஒருவரை அழைத்து, தாம் எழுதி வைத்திருந்த இரு கடிதங்களை இலத்தீனில் பெயர்த்து இலண்டனுக்கு அனுப்பச் செய்தார். வெள்ளியாலான உருப்பெருக்கிகள் இருபத்தாறு அடங்கிய பேழை ஒன்றை இராயல் சொசைட்டிக்கென விட்டுச் சென்றிருந்தார். மகள் மரியா அதனை அனுப்பிவைத்தாள். எஞ்சியவை அவள் காலத்துக்குப் பின்னர் 1747-ஆம் ஆண்டில் ஏலத்தில் விற்கப்பட்டன. இலண்டனுக்குச் சென்ற பேழையோ 19-ஆம் நூற்றாண்டில் காணாமற்போயிற்று. ஐந்நூறில் இன்று எஞ்சியவை பத்துப் பன்னிரண்டு கருவிகளே.

முறையும் அவரோடு மறைந்தது. நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி நூற்றாண்டுக்கும் மேலாக மிக மெதுவாகவே நகர்ந்தது. உயிர்களையெல்லாம் வகைப்படுத்திய லின்னேயஸ் என்னும் பேரறிஞரும், 1767-ஆம் ஆண்டில் நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்தறிய இயலாமல், ஒரே தொகுதியாக்கிக் குழப்பம் என்று பொருள்படும் பெயரை இட்டு வைத்தார். நுண்ணுயிர்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பாஸ்டரும் காக்கும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நிலைநாட்டினர். காசநோயின் கிருமியைக் காக் அறிவித்தது 1882-ஆம் ஆண்டில். டெல்ஃப்ட் வணிகர் மிளகு நீரை நோக்கியதற்கும் அதற்கும் இடையே இருநூற்றாறு ஆண்டுகள் சென்றுவிட்டன. அந்த இடைக்காலத்தில் நோய்க்கு ஏது எதுவென்று அறியாமலே கோடிக்கணக்கானோர் மாண்டனர். ஒருவர் காத்த மறைபொருளே இத்தாமதம் முழுவதற்கும் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், அதற்கும் ஒரு பங்கு உண்டு.

வெளிப்பட்ட உண்மை

அவர் அத்துணை அருமையாகக் காத்த மறைபொருள்தான் யாது? 2021-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு விடை கண்டனர். எஞ்சிய கருவிகளின் தகடுகளைப் பிரித்தால் அவை கெட்டுவிடும். ஆகையால், உலோகத்தை ஊடுருவிச் செல்லும் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, உள்ளிருக்கும் வில்லையின் வடிவைப் படமாக்கினர். ஒரு கருவியில் இருந்தது தேய்த்து மெருகிட்ட வில்லை. பொருளை 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மற்றொரு சிறந்த கருவியில் இருந்ததோ, தீச்சுடரில் உருக்கித் திரட்டிய சிறு கண்ணாடி உருண்டை. கண்ணாடி இழை ஒடிக்கப்பட்ட அடையாளமும் அதில் காணப்பட்டது. இழையைத் தீயில் காட்டி உருண்டை செய்யும் இம்முறையை இராபர்ட் ஹூக் 1665-ஆம் ஆண்டில் தம் நூலின் முன்னுரையிலேயே யாவரும் அறிய எழுதியிருந்தார்.

எனவே, லீவன்ஹூக் மறைத்து வைத்த முறை உலகம் அறியாத ஒன்றன்று. அச்சிலேறிய நூலில் அது திறந்தே கிடந்தது. அதனைப் படித்தோர் பலர். உருண்டை செய்தோரும் சிலர் இருந்தனர். ஆனால், அதனைக் கண்ணில் ஒட்டி, ஐம்பது ஆண்டுகள் சலியாது நோக்கியவர் அவர் ஒருவரே. மழை நீரைப் பிடிக்கத் தட்டைக் கழுவி உயரத்தில் வைத்த கவனமும், மணலைக்கொண்டு உயிரை அளந்த அறிவும், தம் முதல் எண்ணம் பொய்த்தபோது அதனை விடுத்துக் கண்டதைக் கண்டவாறே எழுதிய நேர்மையுமே அவர்தம் உண்மையான செல்வம். அச்செல்வத்தைப் பூட்டி வைக்கத் தேவையே இல்லை. அதனை ஒருவரும் கவர்ந்து செல்ல முடியாது. அருகில் இருத்திக் கற்பித்திருந்தால் மட்டும், அவருக்குப் பின்னும் அது சிலரிடம் வாழ்ந்திருக்கும்.

டெல்ஃப்ட் நகரின் பழைய தேவாலயத்தில் லீவன்ஹூக்கின் கல்லறை உள்ளது. ஓவியர் வெர்மீர் அடக்கம் செய்யப்பட்டதும் அத்தேவாலயத்திலேயே. ஒருவர் ஒளியை வண்ணத்தில் பிடித்தவர். மற்றவர் ஒளியின் துணையால் துளிக்குள் புகுந்தவர். இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் குளத்து நீரை உருப்பெருக்கியில் வைத்து நோக்கும்போது, அந்தத் துணி வணிகர் முதன்முதலாகக் கண்ட அதே உலகையே காண்கிறான். கண்டதை அருகிலிருக்கும் நண்பனை அழைத்துக் காட்டும்போது, அவர் செய்யாது விட்டதையும் செய்து முடிக்கிறான்.